அப்பா போடாத கையெழுத்து

போன மாதம் ஒரு பிற்பகல். கீழ்வீட்டு மாமி ஒரு பிளாஸ்டிக் உறை நிறையக் காகிதங்களோடு படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். "சார், நீங்க ஆஃபீஸ்ல இருந்தவர். இந்தக் கடுதாசி என்ன கேக்கறதுன்னே புரியல. நான் பொறந்ததுக்கு ரசீது கேக்கறா" என்றார்.

மாமியின் மகன் அமெரிக்கக் குடிமகன். தாயாருக்குக் கிரீன் கார்டு கேட்டு ஐ-130 மனு போட்டு, அது தேறிவிட்டது. குடிமகனின் பெற்றோருக்கு வரிசை கிடையாது. மகனுக்கு இருபத்தொரு வயது ஆகியிருந்தால் போதும். ஆனால் வரிசை இல்லை என்பதால் காகிதமும் இல்லை என்று ஆகிவிடாது. மாமியின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் 'பதிவேட்டில் இல்லை' என்று அரசாங்கமே எழுதித் தரும் சான்றும், பிறந்த விவரம் நேரில் அறிந்த பெரியவர்களின் பிரமாண வாக்குமூலமும் வேண்டும்.

மாமி பிறந்தது 1951-இல், லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அந்தக் காலத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 1899-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டப்படி கிராம முன்சீப் பிறப்பு இறப்புப் பதிவேடு வைத்திருந்தார். சொன்னால் எழுதுவார். சொல்ல யார் போனார்கள்? எழுதினாலும் 'இன்னாருக்குப் பெண் குழந்தை' என்றுதான் இருக்கும், பெயர் இருக்காது. நாடு முழுவதற்கும் ஒரே பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு 1970 ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒரே கையெழுத்தில் ஒழித்தது. அந்தப் பரம்பரைக்காரர்கள் ஒப்படைத்த கட்டுகளில் எவ்வளவு தாலுகா அலுவலகம் வந்து சேர்ந்தது, எவ்வளவு கரையானுக்குப் போனது என்பதைப் பழைய வருவாய்த்துறை நண்பர்கள் யாரைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார்கள்.

காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, "மாமி, நான் பிறந்ததற்கு ரசீது இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், வாய் சும்மா இருந்திருக்கலாம் என்று பட்டது. என் மனைவி சிரித்தாள். இந்தக் கதையை அவள் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வாசக நண்பர்களில் சிலருக்கும் தெரிந்திருக்கும், ஆனால் துண்டு துண்டாகத்தான். இந்தத் தடவை முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது காரைக்காலில், 1950-இல். அப்போது அது பிரெஞ்சு ராஜ்யம். பேரளம் ரயிலில் வந்தால் நடுவில் சுங்கக்காரர்கள் ஏறி மூட்டையைப் பிரிப்பார்கள். குழந்தை பிறந்தால் தகப்பன் சாட்சிகளோடு மேரிக்குப் போய்ச் சொல்லியாக வேண்டும். மேரி என்றால் நகரசபைக் கட்டடம். அங்கே 'எத்தா சிவில்' என்னும் குடிமைப் பதிவேடு. 1880-ஆம் ஆண்டின் ஆணைக்குப் பிறகு இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ, பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அதில் எழுதியாக வேண்டும். என் பிறப்புப் பத்திரம் ஒரு சிறுகதை போல இருக்கும். இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன நாள் காலை பத்து மணிக்கு எங்கள் முன் தோன்றியவர் இன்னார், வயது இத்தனை, தொழில் எழுத்தர், இன்ன தெருவில் குடியிருப்பவர், தம் மனைவி இன்னாருக்கு நேற்று விடியற்காலை நான்கு மணிக்கு ஆண் குழந்தை பிறந்ததாகக் கூறி, அதற்கு இன்ன பெயர் இட்டதாகத் தெரிவித்தார். கீழே அப்பாவின் கையெழுத்து, சாட்சிகள் இருவரின் கையெழுத்து. எண்கள்கூட எழுத்தில்தான். திருத்த முடியாது.

பள்ளியிலும் அ, பே, சே, தே என்றுதான் எழுத்தே கற்றுக்கொண்டேன். 'செர்த்திஃபிக்கா', பிறகு 'பிரெவே' என்று தேர்வுகள். பிற்பாடு இங்கிலீஷில் குறிப்பு எழுதும் உத்தியோகத்துக்கு வந்து நான் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு ஆகும். இன்றும் திருச்சியில் யாருக்காவது பாரிஸிலிருந்து ஒரு கடிதம் வந்தால், "காரைக்கால்காரர் ஒருத்தர் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்" என்று என்னிடம் அனுப்பி வைக்கிறார்கள்.

இப்போது சரித்திரத்துக்கு வருகிறேன். 1954 ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தத்தோடு இந்தோசீனப் போர் முடிந்தது. சைகோனே கையைவிட்டுப் போகும்போது புதுச்சேரியையும் காரைக்காலையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரதமர் மெந்தெஸ் பிரான்ஸ் பேச்சை முடித்தார். அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றும் 8 பேர் வேண்டாம் என்றும் வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. எனக்கு நான்கு வயது. கொடி ஏற்றியதும் மிட்டாய் கொடுத்ததும் நினைவில் இருப்பதாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். பிறர் சொல்லிக் கேட்டதாகவும் இருக்கலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம், நிர்வாகம் மாறியதே ஒழிய மனிதர்கள் மாறவில்லை. உரிமை மாற்ற ஒப்பந்தம் 1956 மே 28-ஆம் தேதி தில்லியில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரொரோக்கும் கையெழுத்திட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க வேண்டும். அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு நிலத்தைக்கூட விட்டுக்கொடுப்பதாகச் சொல்ல எந்த அரசுக்கும் தைரியம் வரவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. அதே ஜூலையில் எங்கள் ஒப்பந்தமும் நிறைவேறியது. ஆகஸ்ட் 16-ஆம் தேதி பத்திரங்கள் பரிமாறிக்கொள்ளப்பட்டன. அதுவரை எட்டு ஆண்டுகள், இந்தியக் கொடியின் கீழே இந்தியத் தபால்தலை ஒட்டிக்கொண்டு, சட்டப்படி நாங்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

ஒப்பந்தத்தில் குடியுரிமை பற்றிய ஷரத்துகளைத்தான் நான் இத்தனை வருடத்தில் அதிகத் தடவை படித்திருக்கிறேன். அந்தப் பகுதிகளில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் ஆகஸ்ட் 16 முதல் தாமாகவே இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனாரின் முடிவே முடிவு. வெளிநாட்டில், உதாரணமாகச் சைகோனில் குடியிருந்தவர்களுக்கு இது தலைகீழ்: அவர்கள் சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர், இந்தியர் ஆக வேண்டுமானால் எழுத வேண்டும். ஆக, அன்றைய தேதியில் நீ எந்த ஊரில் குடியிருந்தாய் என்பதை வைத்து, உன் மௌனத்துக்கு இரண்டு வெவ்வேறு அர்த்தங்கள்.

1962 ஆகஸ்டிலிருந்து 1963 பிப்ரவரி நடுப்பகுதி வரை எங்கள் தெருவில் இதே பேச்சு. சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், யோசிக்கவே இல்லை. 1881-இல் வந்த ஆணைப்படி இந்து, முஸ்லிம் சொந்தச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகளிலும் பலர் அப்படியே. மற்றவர்களுக்குத்தான் குழப்பம். உத்தியோகம் போய்விடும் என்றார்கள். நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்றார்கள். பையன்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள் என்றார்கள். அது ஒன்று மட்டும் முழுப் பொய்யில்லை, பிரான்ஸில் அப்போது கட்டாய ராணுவ சேவை இருந்தது. போதாக்குறைக்கு அக்டோபரில் சீனா படையெடுத்து வந்தது. நாடே பொன்னும் பணமும் திரட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் "நான் இந்தியன் இல்லை" என்று எழுதிக் கொடுக்க யாருக்குக் கை வரும்? கடைசியில் எல்லாப் பகுதிகளிலும் சேர்த்து எழுதிக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய ஐயாயிரம் பேர்தான்.

அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அவர் எழுத்தர், சம்பளத்தை நம்பிய குடும்பம். "இருக்கிற இடத்தில் இருப்போம்" என்றார். எனக்குப் பன்னிரண்டு வயது. என் முடிவும் அதோடு முடிந்தது.

அண்ணனுக்குப் பத்தொன்பது. ஜனவரியில் ஒரு நாள் இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா, நான் எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அம்மாதான், "என்னத்தடா எழுதிக் கொடுத்தே?" என்று கேட்டாள். அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அண்ணன் கப்பலேறிப் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். ஒரு வீட்டில், ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள், இரண்டு நாட்டார் ஆனோம்.

1970-இல் அண்ணனுக்கு மாயவரத்தில் பெண் பார்த்தோம். அண்ணி இந்தியக் குடிமகள். அப்போது பிரான்ஸில் நடைமுறையில் இருந்தது 1945-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். பிரெஞ்சுக்காரனை மணக்கும் அயல்நாட்டுப் பெண், திருமணம் நடந்த கணத்திலேயே பிரெஞ்சுக் குடிமகள். விண்ணப்பம் கிடையாது, காத்திருப்பு கிடையாது, பாஷை தெரியுமா என்ற கேள்வி கிடையாது. அண்ணிக்கு 'போன்ழூர்' கூடத் தெரியாது. திருமணத்தைத் தூதரகம் தன் ஏட்டில் பதிந்தது. அதன் நகல் நாந்த் நகரத்துக்குப் போனது. வெளிநாடுகளில் நடந்த பிரெஞ்சுக்காரர்களின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் குவிந்து கிடக்கும் மத்தியப் பதிவகம் அங்கேதான். காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்களில் பாரிஸுக்கு அடுத்தபடி தெரிந்த ஊர் நாந்த் தான். கடற்கரை இருக்கிறதா, கோயில் இருக்கிறதா தெரியாது. பத்திரம் அங்கிருந்து வரும். அத்தோடு 'லீவ்ரே தெ ஃபமீய்' என்னும் குடும்பப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். நம் ரேஷன் கார்டு அளவு, பிள்ளைகள் பிறக்கப் பிறக்க எழுதப் பக்கங்கள் விட்டிருக்கும்.

மூன்றே ஆண்டில், 1973 ஜனவரிச் சட்டம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது. ஆணோ பெண்ணோ, பிரெஞ்சுத் துணை கட்டியவர் மனுச் செய்து பெற வேண்டும். இதில் ஒரு நியாயமும் இருந்தது: அதுவரை பிரெஞ்சுப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு இந்தச் சலுகை கிடையாது. இதன் பிறகுதான் எங்கள் பக்கத்தில் 'நாஸ்யோனாலித்தே உள்ள பெண்' என்பதற்குக் கல்யாணச் சந்தையில் மவுசு கூடியது. அதுவரை மாப்பிள்ளைக்குத்தான் விலை. அதற்கப்புறம் சட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. அண்ணன் மகளுக்கு 2008-இல் தஞ்சாவூர்ப் பையனை நிச்சயம் செய்தபோது நான்தான் காகித வேலை பார்த்தேன். திருமணத்துக்கு முன்பே தூதரகத்தில் தகுதிச் சான்று; திருமணம்; இங்கே பதிவு; பிறகு பிரெஞ்சு ஏட்டில் பதிவு; பிறகு நீண்டகால விசா; அதற்கு மொழித் தேர்வு; போய்ச் சேர்ந்த பிறகு, குடியுரிமை கேட்கத் திருமணமாகி நான்கு ஆண்டுகள். அண்ணிக்கு ஒரு முகூர்த்த நேரத்தில் கிடைத்தது, அவர் மருமகனுக்கு நாலைந்து வருடம். அந்தப் பையன் பொறுமைசாலி. கோப்பை ஒழுங்காக வைத்திருந்தான், அதனாலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

1974-இல் பிரான்ஸ் வேலைக்காக வருவோரை நிறுத்தியது. ஆனால் ஏற்கெனவே வந்தவர்களின் மனைவி மக்களை என்ன செய்வது? 1976 ஏப்ரலில் ஓர் ஆணை போட்டு, குடும்பம் சேர்ந்து வாழ வரலாம் என்றார்கள். அடுத்த வருடமே, வரலாம், ஆனால் வேலை கேட்கக் கூடாது என்று மாற்றினார்கள். 1978 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் தலையிட்டு, குடும்பமாக வாழ்வது உரிமை, அதை இப்படிப் பறிக்க முடியாது என்று அந்த மாற்றத்தை ரத்து செய்தது. இந்தத் தீர்ப்பைப் பற்றி அண்ணன் எழுதிய கடிதம் இன்னும் இருக்கிறது. அவருக்கு அது தேவையே இல்லை, அவர் குடிமகன். இருந்தாலும் அவர் வேலை செய்த இடத்தில் இருந்த அல்ஜீரியர்களும் போர்த்துக்கீசியர்களும் அன்று இனிப்பு வாங்கிக் கொடுத்தார்களாம்.

அம்மாவின் விஷயம்தான் எனக்கு ஆறாதது. அப்பா 1987-இல் காலமானார். நான் அப்போது திருச்சியில், ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தேன். அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்றார் அண்ணன். பிரெஞ்சுக் குடிமகனை அண்டி வாழும் பெற்றோருக்குப் பத்தாண்டு குடியிருப்பு அட்டை உண்டு. அந்தப் பத்தாண்டு அட்டையே 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்ததுதான். இரண்டு விஷயம் நிரூபிக்க வேண்டும்: அம்மா அண்ணனுக்குத் தாய், அம்மா அண்ணன் அனுப்பும் பணத்தில்தான் பிழைக்கிறாள். முதலாவதற்கு அண்ணனின் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. ஆனால் அம்மாவின் பிறப்பு? அவள் பூந்தோட்டத்துக்காரி, பிரிட்டிஷ் எல்லையில் பிறந்தவள். ஏடு இல்லை. சாட்சிகளை வைத்து 'அக்த் தெ நொத்தொரியத்தே' என்று ஊரறிந்த உண்மைக்கான பத்திரம் ஒன்று வாங்கி ஈடு செய்தோம்.

இரண்டாவதுதான் வலித்தது. அம்மாவுக்கு வேறு ஆதரவு இல்லை என்று காட்ட வேண்டும். நான் ஒருவன் இருக்கிறேனே, அரசாங்கச் சம்பளத்தோடு? ஆகையால் நானே ஒரு வாக்குமூலம் எழுதினேன், என் வருமானம் என் குடும்பத்துக்கே போதவில்லை, தாயாரைக் காப்பாற்ற எனக்கு இயலாது என்று. உண்மைதான், அணா பைசா சுத்தமான உண்மை. நானே பிரெஞ்சில் எழுதினேன், அழகான பிரெஞ்சு. அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. மூன்று நாள் கழித்து அவளே, "என்ன எழுதினே?" என்று கேட்டாள். "நீ அண்ணனோட இருக்கணும்னு எழுதினேன்" என்றேன்.

போனாள். ஐந்தாவது மாதம் திரும்பி வந்தாள். "தெருவில ஆளே இல்லடா" என்றாள். அதற்குப் பிறகு கடைசி வரை என்னோடுதான், அந்த ஒண்டுக் குடித்தனத்திலேயே, என்னால் காப்பாற்ற இயலாது என்று நான் எழுதிக் கொடுத்த அதே சம்பளத்தில். பத்தாண்டு அட்டை பிஸ்கட் டப்பாவில் கிடந்து காலாவதி ஆனது.

பல வருடம் கழித்து, 2007-இல், பிரான்ஸில் புதிதாக ஒரு சட்டம். காகிதம் நம்பகமில்லாத நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் தாயோடு ரத்த உறவை மரபணுச் சோதனையில் காட்டலாம் என்றார்கள். பெரிய கூச்சல் எழுந்தது. இரண்டு ஆண்டில் அதை நடைமுறைப்படுத்துவதில்லை என்று கைவிட்டார்கள். செய்தியைப் படித்தபோது பிஸ்கட் டப்பாவைத்தான் நினைத்தேன்.

இனி அக்காவின் கதை. இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நொண்டும். அக்கா எங்கள் மூவரில் மூத்தவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஆகவே அவள் பிறந்தது பூந்தோட்டத்தில். பாட்டி இறந்துவிட்டதால் அண்ணனும் நானும் காரைக்காலில் பிறந்தோம். 1959-இல் அக்காவைப் பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்தவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எனக்குத் திருச்சி வாய்த்ததும் அதனால்தான்.

இப்போது ஒப்பந்தத்தை மறுபடி படியுங்கள். 'பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்த பிரெஞ்சுப் பிரஜைகள்' என்றுதான் அந்த ஷரத்துகள் ஆரம்பிக்கின்றன. தகப்பன் வழியில் பிரெஞ்சுப் பிரஜையாகி, வெளியே பிறந்தவர்களைப் பற்றி ஒப்பந்தம் பேசவே இல்லை. பேசாததால் அவர்களுடைய குடியுரிமை போகவும் இல்லை. பிற்பாடு பிரெஞ்சு நீதிமன்றங்களே ஏற்றுக்கொண்ட வாதம் இது. சைகோனில் பிறந்து ஊர் திரும்பியவர்கள், தாய்வீட்டுப் பிரசவத்தில் கடலூரிலோ நன்னிலத்திலோ பிறந்தவர்கள் எத்தனையோ பேர் இந்தச் சந்து வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமையை நிலைநாட்டினார்கள். காரைக்காலில் பிறந்த நான் அதை இழந்தேன். பிரிட்டிஷ் எல்லையில் பிறந்த அக்கா, ஒன்றும் எழுதிக் கொடுக்காமலே, வைத்திருந்தாள். பொன்மலையில் அடுப்பு ஊதிக்கொண்டு, தேர்தல் தவறாமல் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்த அக்கா!

இது எனக்குத் தெரிந்தது 1996 வாக்கில். ஓடிப் போய்ச் சொன்னேன். அக்கா காய் நறுக்குவதை நிறுத்தாமல், "அதுக்கு நான் இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றேன். அத்தோடு சரி. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: தலைமுறையாக வெளிநாட்டிலேயே குடியிருந்து, ஐம்பது ஆண்டு காலம் பிரெஞ்சுக்காரராக நடத்தப்படாமலும் நடந்துகொள்ளாமலும் இருந்தால், தாய் தகப்பன் வழியில் வந்த உரிமையை அதற்குமேல் நிரூபிக்க அனுமதி இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த ஐம்பது 1962-இல் தொடங்கி 2012 ஆகஸ்டில் முடிந்தது. அக்காவின் பேரன் பொறியியல் முடித்துவிட்டு 2015-இல் என்னிடம் வந்தான். "தாத்தா, பாட்டி பிரெஞ்சாமே?" என்றான். வக்கீல் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் தேதியைப் பார்த்துவிட்டு, மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் வாதாடிப் பார்த்திருக்கலாம் என்றார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். 1996-இல் ஒரு விண்ணப்பம் எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அப்பாவைப் பற்றி நான் மனதில் எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறேன்.

அமெரிக்கச் சட்டத்துக்கும் இப்படி ஒரு வேடிக்கையான பூர்வோத்தரம் உண்டு, மாமிக்காகத் தேடிப் படித்தேன். 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கில் இந்தியர் குடியுரிமை பெற முடியாது என்றது. 1946-இல் மனமிரங்கி ஆண்டுக்கு 100 இந்தியர் வரலாம் என்றார்கள். நம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சித்திரை வீதிக்கே அது போதாது. 1965-இல் சட்டத்தை மாற்றியபோது, படிப்பு, தொழில் திறமைக்கு முதலிடம் தரலாம் என்று அரசு சொல்ல, ஃபீகன் என்ற ஒஹாயோ உறுப்பினர் சொந்தபந்தத்துக்கே முதலிடம் என்று பிடிவாதம் பிடித்தார். ஏற்கெனவே இருப்பவர்கள் ஐரோப்பியர். அவர்கள் தங்கள் ஆட்களைத்தானே அழைப்பார்கள் என்பது கணக்கு. உடன்பிறந்தாருக்கு மட்டும் 24 சதவீத இடம் வைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. படிப்பின் பேரில் போன நம்மவர்களும் பிற ஆசியர்களும் குடிமக்களாகி அண்ணன் தம்பி அக்கா தங்கையை அழைத்தார்கள். கணக்குப் போட்டவருக்கு நம் கூட்டுக் குடும்பம் தெரியாது.

ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பு இருப்பதால் உடன்பிறந்தார் வரிசை இந்தியர்களுக்குப் பதினெட்டு ஆண்டுக்கும் மேல் நீண்டுவிட்டது. மனுப் போடும்போது எல்.கே.ஜி. படித்த பிள்ளை, முறை வரும்போது இருபத்தொன்றைத் தாண்டிவிட்டால் பெற்றோரோடு போக முடியாது. 2002-இல் ஒரு சட்டம் வந்து வயதில் கொஞ்சம் கழித்துக் கொடுக்கிறது, எல்லாருக்கும் அது எட்டுவதில்லை. இந்தப் பக்கத்தில் மலேசியாவில் நிரந்தரவாசம் பெற்ற சிவப்பு அடையாள அட்டைக்காரர்களின் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. திருச்சி விமான நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

மாமிக்கு வருவோம். 'பதிவேட்டில் இல்லை' என்ற சான்று மூன்றாவது நடையில் கிடைத்தது. அடுத்து வாக்குமூலம். பிறந்தபோது விவரம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யோசித்து, லால்குடியில் ஓர் அத்தை, எண்பத்தெட்டு வயது என்றார். கார் பிடித்துப் போனோம். அத்தைப்பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார், காது மந்தம், நினைவு கூர்மை. "இவ பொறந்தது எனக்குத் தெரியாதா? ஐப்பசி. தீபாவளிக்கு மறுநாள். அடைமழை. மருத்துவச்சியைக் கூப்பிட நான்தான் ஓடினேன்" என்றார்.

மாமியின் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி ஜூன் முதல் தேதி. பள்ளியில் சேர்க்கும்போது தகப்பனார் சொன்ன தேதி. நம் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்தோம், வாத்தியார் புண்ணியத்தில். மாமி பதறிப்போனார். "அத்தை, ஜூன்னு சொல்லுங்கோளேன்" என்று காதருகே குனிந்தார். கிழவி ஒத்துக்கொள்ளவில்லை. "மழை பேஞ்சதுடி" என்றார்.

என் மடியில் வெள்ளைத்தாள். 1987-இல் நான் எழுதிய வாக்குமூலம் நினைவுக்கு வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டையுமே எழுதினேன்: இன்னார் மகள் இன்னார், இந்தக் கிராமத்தில், 1951-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் தீபாவளிக்கு மறுநாள் பிறந்ததை நான் நேரில் அறிவேன், பள்ளியில் சேர்த்தபோது தகப்பனார் கொடுத்த ஜூன் முதல் தேதியே அன்றுமுதல் எல்லா ஆவணங்களிலும் இருந்துவருகிறது, இரண்டும் ஒரே நபரே. மாமி, "அவா ஒத்துப்பாளா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். தெரியாது மாமி என்றேன். பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன், மழை விட்டுப்போச்சே என்றார். அதையும் சேர்த்து எழுதி, நோட்டரி முன்னால் பாட்டியின் இடது பெருவிரலை மையில் ஒற்றினோம். மும்பையில் நேர்முகம் அடுத்த மாதம் இருபதாம் தேதி.